புரியாத சொல் ஊர் சுற்றிய கதை

பட்டறையில் இரண்டு பொற்கொல்லர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நகை செய்யச் சொன்னவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். பேச்சில் ‘பறி’ என்ற சொல் இரண்டு மூன்று தடவை வந்து போகிறது. அது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சொல்லே பிறந்தது. அவர்கள் பேசிக்கொண்டது அவர் கொண்டுவந்த பொன்னைப் பற்றி.

பொன்னுக்குப் பறி. ஆடைக்கு யானைப்பாகர் வைத்த பெயர் காரை. கள்ளுக்கு ஒரு கூட்டத்தார் வைத்த பெயர் சொல்விளம்பி. இப்படி ஒரு குழுவினர் தங்களுக்குள் மட்டும் வழங்கும் சொல்லுக்குக் குழூஉக்குறி என்று பெயர் கொடுத்து, இடக்கரடக்கலுக்கும் மங்கலத்துக்கும் பக்கத்தில் உட்காரவைத்தது நன்னூல். சுமார் 800 ஆண்டுகளுக்கு முந்தைய நூல் அது. பவணந்தி முனிவர் இதைக் குற்றம் என்று சொல்லவில்லை. தகுதி வழக்கு என்றே வகைப்படுத்தினார். தொழில் செய்கிறவர்களுக்குத் தனிச்சொல் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொல் பட்டறையை விட்டு வெளியேறி, செய்தித்தாளில் ஏறி, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அவர் காலத்தில் எழ வழியில்லை. அந்தக் கேள்வி எப்போது எழுந்தது, யார் யார் கையில் மாறி நம் வாசலுக்கு வந்தது என்று தேடிப்போனால் நல்ல கதை கிடைக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் ‘ஜார்கன்’ என்றொரு சொல் புழங்கிக்கொண்டிருந்தது. இன்று உலகம் முழுக்கத் துறைச்சொல்லைக் குறிக்கும் அந்தச் சொல்லுக்கு அன்றைய பொருள் பறவைகளின் கூச்சல். மரத்தில் கூடியிருக்கும் குருவிகள் தமக்குள் ஏதோ பேசிக்கொள்கின்றன. கீழே நிற்கும் மனிதனுக்குச் சத்தம் மட்டுமே கேட்கிறது. ஆங்கிலக் கவிஞர் சாசரும் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஓயாமல் பிதற்றும் ஒரு கிழவனைப் பறவைக்கு ஒப்பிட்டு இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார்.

பறவையிடமிருந்து சொல் திருடர்களிடம் போயிற்று. 1455இல் பிரான்சின் தீஜோன் நகரத்தில் ஒரு கொள்ளைக் கூட்டம் பிடிபட்டது. யாத்திரீகர்கள் அணியும் கிளிஞ்சலின் பெயரால் அவர்களைக் ‘கோக்கியார்’ என்று அழைத்தார்கள். பூட்டு உடைப்பவனுக்கு ஒரு பெயர், சூதில் ஏமாற்றுபவனுக்கு ஒரு பெயர், காவலருக்கு ஒரு பெயர் என்று அவர்கள் தனி மொழியே வைத்திருந்தார்கள். ஊர் நாவிதர் ஒருவர் அந்தச் சொற்களை அறிந்திருந்தார். அவர் சொல்லச் சொல்ல, விசாரணை அதிகாரி ஒவ்வொரு சொல்லையும் அதன் பொருளையும் எழுதிவைத்துக்கொண்டார். அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதே தலைமுறைக் கவிஞர் பிரான்சுவா வியோன் இந்தத் திருட்டு மொழியிலேயே பாடல்கள் எழுதினார். அறிஞர்கள் இன்றைக்கும் அவற்றுக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மறைப்பதற்காகச் செய்த சொல் எவ்வளவு காலம் தன் வேலையைச் செய்கிறது, பாருங்கள்.

அடுத்து இத்தகைய தனிச்சொற்களைக் கையாண்டவர்கள் வணிகர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஃபுக்கர் என்ற பெரும் வட்டிக்கடைக் குடும்பம் இருந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் அவர்களுக்குக் கையெழுத்துச் செய்திமடல்கள் வந்தபடி இருந்தன. 1568 முதல் 1605 வரையிலான மடல்கள் இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகின்றன. மிளகு, வெள்ளி, கப்பல், உண்டியல் என்று எந்தச் சொல் வந்தாலும் அந்த வீட்டுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எழுதுபவருக்குப் படிப்பவரைத் தெரியும். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதும் தெரியும். செய்தியில் புரியாத சொல் என்ற சிக்கலே அங்கு இல்லை.

சிக்கலைக் கொண்டுவந்தது ஒருவருடைய கைவலி. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து யோஹான் கரோலஸ், செய்திமடல்களைக் கையால் படியெடுத்துப் பணக்காரச் சந்தாதாரர்களுக்கு விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஒரே செய்தியை மறுபடி மறுபடி எழுதுவது நேரத்தைத் தின்றது. ஓர் அச்சகத்தை வாங்கி, 1605இல் அதையே அச்சடிக்கத் தொடங்கினார். உலகின் முதல் அச்சுச் செய்தித்தாள் என்று அதைச் சொல்கிறார்கள். உள்ளே இருந்த எழுத்து மாறவில்லை. தூதர்களும் தளபதிகளும் வணிகர்களும் எழுதிய அதே கடிதங்கள்தான். மாறியது வாசகர். கையெழுத்துப் படிக்கு முகவரி உண்டு. அச்சுப் படி யார் கைக்கும் போகும். பத்திரிகையில் புரியாத சொல் என்ற தொல்லைக்குப் பிறந்த தேதி கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிறகு முப்பதாண்டுப் போர் வந்தது. படை பற்றிய சொல் பிரெஞ்சிலிருந்தும் பணம் பற்றிய சொல் இத்தாலியிலிருந்தும் சட்டம் பற்றிய சொல் லத்தீனிலிருந்தும் வந்து ஜெர்மன் செய்தித்தாள்களை நிரப்பின. வாங்கிப் படித்தவர்களுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல் இருந்தது. அச்சகத்தார் சொற்களை எளிமையாக்கவில்லை. வேறொருவர் அங்கே ஒரு வியாபாரத்தைக் கண்டார். 1695இல் காஸ்பர் ஷ்டீலர் என்பவர், செய்தித்தாள் படிப்பதன் இன்பத்தையும் பயனையும் பற்றி ஹாம்பர்க்கில் ஒரு நூல் வெளியிட்டார். செய்திகளில் வரும் அயற்சொற்களுக்கான பொருள் அகராதியையும் அதில் சேர்த்திருந்தார். 1704இல் லைப்சிக் நகரத்தில் இன்னொரு பதிப்பாளர், செய்தித்தாள் வாசகருக்கென்றே ஒரு முழு அகராதியைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னுரை மட்டும் எழுதிய யோஹான் ஹூப்னரின் பெயரால்தான் அந்த நூல் இன்றுவரை அறியப்படுகிறது.

அந்த அகராதி பதிப்புக்கு மேல் பதிப்பாக ஓடியது. விற்பதைக் கண்டு போலிகள் முளைத்தன. நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் விழிக்காமல் இருக்க உதவும் நூல் என்ற பொருளில் ‘உரையாடல் அகராதி’ என்ற பெயர் அந்த வகைக்கே ஒட்டிக்கொண்டது. அதே பெயரில் 1796இல் லைப்சிக்கில் ஒருவர் தொடங்கிய கலைக்களஞ்சியம் அரைகுறையாக நிற்க, 1808இல் அதை விலைக்கு வாங்கியவர் புரோக்ஹவுஸ். ஜெர்மானியர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அலமாரியை நிறைத்த புரோக்ஹவுஸ் கலைக்களஞ்சியம் அது. அதைத் தழுவி 1829இல் அமெரிக்காவில் ஒரு கலைக்களஞ்சியம் கிளம்பியது. பத்திரிகைக்காரர்கள் பொருள் சொல்லாமல் விட்ட சொற்கள், கடைசியில் இரண்டு கண்டங்களுக்குக் கலைக்களஞ்சியம் தந்துவிட்டன.

லண்டனில் இதே கதை வேறு விதமாக நடந்தது. 1711 மார்ச்சில் ஜோசப் அடிசனும் ரிச்சர்ட் ஸ்டீலும் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழைத் தொடங்கினார்கள். நூலகத்திலும் கல்லூரியிலும் அடைந்து கிடந்த தத்துவத்தைக் காப்பிக்கடைக்கும் தேநீர் மேசைக்கும் கொண்டுவருவதே தம் ஆசை என்று அடிசன் எழுதினார். ஆறே மாதத்தில், செப்டம்பர் 8ஆம் தேதி இதழில், போர்ச் செய்திகளில் குவியும் பிரெஞ்சுச் சொற்களைப் பற்றித் தம் கவலையைக் கொட்டினார். அதை விளக்க அவர் சொன்ன கதை முன்னூறு ஆண்டு கழித்தும் வாடவில்லை.

1704இல் நடந்த பிளென்ஹெயிம் போரிலிருந்து ஓர் இளம் அதிகாரி ஊரிலுள்ள அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறார். வேவு பார்த்தது, எதிரியின் தூதுவன் வந்தது என எல்லாவற்றையும் படையில் பழகிய பிரெஞ்சுச் சொற்களால் நிரப்பியிருக்கிறார். அப்பாவுக்கு ஒரு வரியும் பிடிபடவில்லை. படித்தவர் ஆயிற்றே என்று ஊர்ப் பாதிரியாரிடம் கடிதத்தைக் கொண்டுபோகிறார். தமக்கும் புரியாததால் பாதிரியாருக்குக் கோபம் வருகிறது. பையனுக்குப் புத்தி பிசகிவிட்டதா, யார் இந்த ‘கார்ட் பிளாஞ்ச்’ என்று கேட்கிறார். முழு அதிகாரம் என்று பொருள்படும் சொல்லை அவர் ஒரு மனிதரின் பெயர் என்று எண்ணிவிட்டார். அப்பா மனம் நொந்து, மகன் கொஞ்ச நாளுக்கு முன் எழுதிய வேறொரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். குதிரைக்குப் புதுச் சேணம் வாங்கப் பணம் கேட்டு எழுதியது. அதில் ஒவ்வொரு வரியும் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கிறது.

பத்திரிகைத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்தக் கதையைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. தெளிவாக எழுதத் தெரியாமல் யாரும் குழப்பமாக எழுதுவதில்லை. எதிரில் இருப்பவருக்குப் புரிந்தே ஆக வேண்டும் என்ற அவசரம் நமக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பணம் கேட்கும்போது அந்த அவசரம் மகனுக்கு இருந்தது.

ஆனால் அடிசன் தோற்றுப்போனதையும் சொல்ல வேண்டும். அவர் வெளியே தள்ள நினைத்த சொற்களில் பல இன்று சாதாரண ஆங்கிலம். ‘கார்ட் பிளாஞ்ச்’ எந்த அரசியல் கட்டுரையிலும் வரும். ஒரு காலத்தில் புரியாத சொல் இன்னொரு காலத்தில் வீட்டுச்சொல் ஆகிவிடுகிறது. இந்தக் கதை முழுவதும் அந்த இழுபறிதான்.

1833 செப்டம்பர் 3ஆம் தேதி நியூயார்க்கில், 23 வயது அச்சுக்காரர் பெஞ்சமின் டே, ‘சன்’ என்ற நாளிதழை ஒரு சென்ட் விலைக்குக் கொண்டுவந்தார். மற்ற பத்திரிகைகளின் விலை ஆறு சென்ட். கப்பல் வரவு, சந்தை நிலவரம், கட்சித் தகராறு என்று அவை வணிகர்களுக்காகவும் அரசியல்வாதிகளுக்காகவும் நடந்தன. டே தெருவில் கூவி விற்கப் பையன்களை அமர்த்தினார். நீதிமன்றத்தில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது போல எழுதவைத்தார். விலை இறங்கியதும் மொழியும் இறங்கி வந்து மக்களோடு உட்கார்ந்தது. இரக்கத்தால் வந்த மாற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சென்ட் கொடுப்பவர் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்ற கணக்கால் வந்தது. பயன் மக்களுக்குக் கிடைத்தது.

பிறகு தந்தி வந்தது. 1866இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பி வேலை செய்யத் தொடங்கியபோது, 20 சொற்கள் கொண்ட செய்திக்குக் கட்டணம் 20 பவுன். சொல்லுக்கு ஒரு பவுன் என்றால் யார்தான் அலங்காரமாக எழுதுவார்கள்? நிருபர்கள் வேண்டாத அடைமொழிகளை வெட்டினார்கள். அதோடு நில்லாமல் இரண்டு சொல்லை ஒரே சொல்லாக ஒட்டினார்கள். சிக்கனத்துக்குப் பிறந்த கம்பி, பத்திரிகைக்காரர்களுக்கே உரிய ஒரு குழூஉக்குறியைப் பெற்றெடுத்தது. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் பிலிப்ஸ் 1879இல் தந்திச் சுருக்கங்களைத் தொகுத்து ஒரு கையேடு வெளியிட்டார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதில் ‘ஸ்கோட்டஸ்’ என்று சுருக்கம். அதிபருக்கு ‘போட்டஸ்’ பின்னால் வந்து சேர்ந்தது. கம்பியில் போக வேண்டிய அந்தச் சுருக்கங்கள் இன்று தொலைக்காட்சித் திரையில் ஓடுகின்றன. தந்தி செத்து, அதன் குழூஉக்குறி உயிரோடு இருக்கிறது.

இங்கே கனடாவுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ரோமத் தோல் வாங்க வந்த வணிகர்களும் பழங்குடி மக்களும் பேசிக்கொள்ள ஒரு கலப்பு மொழி உருவாகியிருந்தது. சினூக், நூட்கா, பிரெஞ்சு, ஆங்கிலம் எல்லாம் கலந்த மொழி. வெளியார் அதற்கு வைத்த பெயர் ‘சினூக் ஜார்கன்’. 1891இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸ் என்ற ஊரில், லெ ஜூன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அந்த மொழியிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். எழுத்தில்லாத மொழிக்கு என்ன எழுத்து வைப்பது? தமக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சுருக்கெழுத்தையே வைத்தார். பத்திரிகையின் பெயர் ‘கம்லூப்ஸ் வாவா’. வாவா என்றால் பேச்சு. பழங்குடி மக்கள் அதைக் கற்றுப் படித்தார்கள்.

ஜார்கன் என்றே பெயர் பெற்ற மொழியில் ஒரு பத்திரிகை. அதன் வாசகருக்கு அதில் புரியாத சொல் ஏதும் இல்லை. அதே வாசகரிடம் அன்றைய லண்டன் ‘டைம்ஸ்’ இதழைக் கொடுத்திருந்தால் அதுதான் அவருக்குப் பறவைக் கூச்சல். ஒரு சொல் பிறவியிலேயே கடினமாக இருப்பதில்லை. காதில் வாங்குகிறவரைப் பொறுத்தே அது சொல்லாகிறது, அல்லது சத்தமாகிறது.

சொல் கடினமா எளிதா என்று இயந்திரம் போல அளந்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஷெர்மன், பழைய நூல்களில் வாக்கியத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணிப் பார்த்தார். எலிசபெத் அரசி காலத்துக்கு முன் சராசரியாக 50 சொற்கள். ஷெர்மனின் காலத்தில் 23. இதை 1893இல் நூலாக வெளியிட்டார். இந்த எண்ணும் பழக்கத்தைச் செய்தி அறைக்குக் கொண்டுவந்தவர் ருடால்ஃப் ஃபிளெஷ். வியன்னாவில் பிறந்து சட்டம் படித்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1938இல் அமெரிக்கா வந்தார். வந்த நாட்டின் மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த நாட்டுக்காரர்களுக்கே எளிமையாக எழுதச் சொல்லிக்கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட சூத்திரம், வாக்கியத்துக்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை ஒலித்துண்டு என்ற இரண்டே எண்ணிக்கையை வைத்து 100க்கு மதிப்பெண் போடுகிறது. அசோசியேட்டட் பிரஸ் அவரை ஆலோசகராக வைத்துக்கொண்டது. 1975இல் அமெரிக்கக் கடற்படை தன் கையேடுகளுக்காக அதைத் திருத்தி எடுத்துக்கொள்ள, பிறகு கணினி எழுதுமென்பொருளுக்குள்ளும் நுழைந்துவிட்டது.

நல்ல முயற்சி. ஆனால் நம் மொழியை அதன் முன் நிறுத்திப் பாருங்கள். ‘போய்க்கொண்டிருந்தார்களாம்’ என்பதில் ஏழு ஒலித்துண்டுகள்; சூத்திரத்தின் கணக்கில் மிகக் கடினமான சொல். நான்கு வயதுக் குழந்தைக்கு அது புரியும். ‘ரெப்போ’ என்பதில் இரண்டே ஒலித்துண்டுகள். கணக்கில் மிக எளிது. வீட்டுக் கடன் கட்டுகிற எத்தனை பேருக்கு அது புரியும்? நீளத்தை அளக்கலாம், பழக்கத்தை அளக்க முடியாது.

ஃபிளெஷ் சூத்திரம் வகுப்பதற்குச் சற்று முன், 1944இல், டெக்சாஸ்காரரான மௌரி மாவெரிக் ஒரு போர்க்கால அரசு நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தார். கீழ் அலுவலர்கள் எழுதியனுப்பும் குறிப்புகளைப் படித்துச் சலித்துப்போய், இனி இப்படி எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். அந்த எழுத்துக்கு அவர் சூட்டிய பெயர் ‘காப்லிடிகூக்’. சொந்த ஊர் வான்கோழிகள் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எழுப்பும் சத்தம்தான் நினைவுக்கு வந்தது என்று பிறகு விளக்கினார். பிரான்சில் குருவிச் சத்தத்தில் கிளம்பிய கதை, அமெரிக்காவில் வான்கோழிச் சத்தத்தில் வந்து நின்றது. அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இந்த டெக்சாஸ்காரருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. புரியாத பேச்சைக் கேட்டால் மனிதனுக்குப் பறவைதான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது.

நம் ஊருக்கு இந்த எளிமைத் தேடல் வந்த வழி இரண்டு. ஒன்று ‘சுதேசமித்திரன்’ வழி. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் 1904இல் பாரதியார் சேர்ந்தார். வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய அன்றாட வேலைகளில் ஒன்று. பிற்காலத்தில் ஒரு கட்டுரையில், ‘மெம்பர்’ என்பதற்குத் தமிழ் தேடி அரைமணி நேரம் தவித்ததை எழுதியிருக்கிறார். அவயவி சரியில்லை. அங்கத்தான் கட்டிவரவில்லை. சபிகன் பொருத்தமான சொல்தான், பொதுமக்களுக்குத் தெரியாதே என்று அதையும் விட்டார். உறுப்பாளி என்று யோசித்தார், மனம் ஒப்பவில்லை. கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டார். கவிச்சக்கரவர்த்திக் கனவு கொண்ட ஒருவர், சரியான சொல் கையில் இருந்தும், வாசகருக்குத் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக அதைக் கீழே வைத்தார். அந்த அரைமணி நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று ‘உறுப்பினர்’ என்ற சொல் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அவர் காலத்தில் அது ஊரில் வழங்கவில்லை. இல்லாத ஒன்றை வாசகர் தலையில் கட்ட அவர் விரும்பவில்லை.

இன்னொரு வழி மான்செஸ்டரில் தொடங்குகிறது. 1881இல் ஜார்ஜ் நியூன்ஸ் என்பவர் ‘டிட்-பிட்ஸ்’ என்ற துணுக்கு இதழைத் தொடங்கினார். முதலீட்டுக்காக ஒரு சைவ உணவகம் நடத்திப் பணம் சேர்த்தார். 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்கள் அதை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த், 1888இல் அதே அச்சில் ‘ஆன்சர்ஸ்’ தொடங்கினார். அந்தச் சூட்சுமத்தை நாளிதழுக்கு மாற்றி 1896இல் அரைப் பென்னிக்கு ‘டெய்லி மெயில்’, 1903இல் ‘டெய்லி மிரர்’. சிறு வாக்கியம், பெரிய படம், தெரிந்த சொல்.

லண்டனில் பாரிஸ்டர் படிப்புப் படித்த சி.பா. ஆதித்தனார் இத்தகைய பத்திரிகைகளின் வீச்சை நேரில் கண்டவர். சிங்கப்பூரில் வக்கீல் தொழில் செய்துவிட்டு ஊர் திரும்பி, 1942இல் மதுரையில் நாளிதழ் தொடங்கினார். வைத்த பெயர் ‘தந்தி’. சொல்லுக்குச் சொல் காசு என்று உலகத்துக்குச் சுருங்கப் பேசக் கற்றுக்கொடுத்த அதே தந்தி. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பது ஊர் வழக்கமாயிற்று. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் தடங்கலின்றிப் படிக்க வேண்டும் என்பதே அங்கே அளவுகோல். ‘இதழாளர் கையேடு’ என்று தம் நிருபர்களுக்கு ஒரு நூலும் எழுதினார். மக்கள் பேசுகிற தமிழைக் கொச்சை நீக்கி எழுது என்பது அதன் சாரம். அந்தப் பத்திரிகையின் மற்ற குணங்களைப் பற்றி யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். செய்தித்தாள் தமக்கும் உரியது என்ற எண்ணத்தை லட்சக்கணக்கான உழைப்பாளிகளுக்குக் கொடுத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எளிமை வசதிக்காக மட்டும் என்று நினைப்பவர்கள் 2013 நவம்பர் 8ஆம் தேதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிலிப்பைன்சின் டாக்லோபான் நகரத்தை ஹையான் புயல் தாக்கியது. புயல் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கடல் உள்ளே ஏறும் என்பதும் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் அதை ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்று வானிலையாளர் சொன்ன ஆங்கிலச் சொல்லாலேயே அறிவித்தன. புயல் காற்று கடலைத் தூக்கிக் கரைமேல் தள்ளும் என்பது அதன் பொருள். கேட்டவர்களில் பலருக்கு அது இன்னொரு பலத்த காற்று என்றே பட்டது. வீட்டை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தார்கள். தண்ணீர் மாடி உயரத்துக்கு வந்தது. புயலில் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போமே என்று பிழைத்தவர்கள் அழுதார்கள். உண்மையில் அது சுனாமி இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் நாட்டு மொழியிலேயே பெருகி எழும் அலைக்கு ‘தலுயோங்’ என்ற பழைய சொல் இருந்தது. அதைப் பயன்படுத்தலாம் என்ற யோசனை புயலுக்குப் பிறகுதான் வந்தது.

சுனாமி என்ற சொல்லை டாக்லோபான்காரர்கள் அறிந்திருந்தார்கள். 2004 டிசம்பர் 26 காலை வரை நாகப்பட்டினத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்? துறைமுக அலை என்று பொருள்படும் அந்த ஜப்பானியச் சொல், ஒரே நாளில் நம் கரையோரக் குழந்தைகளின் வாயிலும் ஏறியது. ஒரு சொல்லை மக்கள் அந்த விலை கொடுத்துக் கற்றுக்கொள்ளும்படி விடக் கூடாது.

‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்பதையும் எண்ணிப் பாருங்கள். ஒன்பது ஒலித்துண்டு நீளும் அறிவியல் சொல். ஆண்டுதோறும் மழைக்காலத்தில் வானிலை அதிகாரிகள் தொலைக்காட்சியில் வந்து, எங்கே உருவாகியிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த மாவட்டத்தில் மழை வரும், மீனவர்கள் போகலாமா கூடாதா என்று பொறுமையாகச் சொன்னார்கள். இன்று அந்தச் சொல்லைக் கேட்டதும் மொட்டைமாடியில் காயும் வற்றலை எடுக்க ஓடாத வீடு உண்டா? துறைச்சொல்லைத் துரத்த வேண்டியதில்லை. விளைவோடு சேர்த்துச் சொன்னால் அது ஊர்ச்சொல் ஆகிவிடும்.

ஆகவே பத்திரிகையாளர் துறைச்சொல்லைத் தவிர்க்க வேண்டுமா என்று கேட்டால் என் தீர்ப்பு இது: மாற்றுச்சொல் ஊரில் இருந்தால் அதைப் போட வேண்டும். இல்லாவிட்டால் துறைச்சொல்லைப் போட்டு, அதே வாக்கியத்தில் பொருளையும் சொல்ல வேண்டும். ‘ரெப்போ விகிதம் கால் சதவீதம் குறைப்பு’ என்று எழுதி நிறுத்துவது பாதி வேலை. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி குறைந்திருக்கிறது, அதனால் உங்கள் வீட்டுக் கடன் தவணை குறையக்கூடும் என்று எழுதுவது முழு வேலை. அதற்குக் கூடுதலாக வேண்டியது இரண்டு வரி இடமும், தனக்கே புரிந்திருக்கிறதா என்று நிருபர் ஒருமுறை கேட்டுக்கொள்வதும். புரியாத சொல்லை அப்படியே எடுத்துவைப்பவர்களில் பெரும்பாலானோர், தமக்கும் அது சரியாகப் புரியாததால்தான் அப்படி வைக்கிறார்கள்.

நாளை காலைச் செய்தித்தாளில் ஒரு சொல் புரியவில்லை என்றால், நமக்குத்தான் படிப்பு போதவில்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று மட்டும் எழுதுங்கள்.